ஐந்து பேர் தூக்கும் பயணி

கொச்சியில் ஒருவரிடம் "சுகந்தானே?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். இதற்குப் பழக எனக்குப் பல வருடங்கள் ஆயின. எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் "நல்லாருக்கீகளா?" என்பது கேள்வியல்ல, "இருக்கோம்" என்பது பதிலுமல்ல; எதிரெதிரே வரும் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொள்வதைப் போல ஒரு மரியாதை, அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் ஒரு காலை, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுச் சாயாக்கடையில், மலையாளம் பழகும் ஆசையில் பக்கத்து ஆளிடம் "சுகமல்லே?" என்று கேட்டுவைத்தேன். சாயா ஆறுவதற்குள் அவருடைய மூலத்தின் முழு வரலாறும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட அதிசயம், கடையில் இருந்த மற்றவர்கள் அதில் கலந்துகொண்ட விதம். ஒருவர் தனக்கும் உண்டு என்றார். ஒருவர் எண்ணெய் ஒன்று சொன்னார். பரிப்புவடை பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திவிட்டு, திருச்சூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் வீட்டுக்கு வழி சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நோயாளி என் பக்கம் திரும்பி, "நிங்ஙளுக்கு எந்தா அசுகம்?" என்று அன்போடு கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அந்த பெஞ்சு முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒன்று, நான் பொய் சொல்கிறேன். அல்லது எனக்கு வந்திருப்பது வெளியே சொல்ல முடியாத வியாதி.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், இவன் கொச்சியில் என்னதான் செய்கிறான் என்று கேட்பதுண்டு. மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. சரக்கைக் கப்பலில் ஏற்றுவது என் வேலையல்ல. ஏறிய சரக்கைப் பற்றிக் காகிதத்தில் நல்ல வார்த்தை வாங்குவதுதான் என் வேலை. கப்பல் அதிகாரி ரசீதில் 'சில சாக்குகள் ஈரம்' என்றோ 'தையல் பிரிந்துள்ளது' என்றோ ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பாங்கி அந்தக் காகிதத்தைத் தொடாது. அந்த ஒரு வரி விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். பன்னிரண்டு வருடங்களாக வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் மழையில் நின்று, கிரேக்கர்களிடமும் போலந்துக்காரர்களிடமும் சிரித்து, கெஞ்சி, சிகரெட் நீட்டி, 'வெளிப்பார்வைக்கு நல்ல நிலையிலும் ஒழுங்கிலும்' என்ற வாசகத்துக்குக் கீழே வேறொன்றும் எழுதவிடாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அந்த வாசகத்தை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுவேன். இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் எனக்கு ஒரு கால் போக இருந்தது.

ஒரு கர்க்கடக மாதம். அவர்கள் கர்க்கடகம் என்பது நமக்கு ஆடி. இரண்டு ஊரிலும் நல்ல காரியம் செய்யாத மாதம். கிடங்கில் சுமைக்காரர்கள் மிளகு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர், மூப்பன் என்பார்கள், ஹம்சாக்கா. ஐம்பது வயது, தலையில் துண்டுச் சும்மாடு, தன் எடைக்குச் சமமான மூட்டையைச் சுமந்துகொண்டே அரசியல் பேசக்கூடியவர். நான் ஓரமாக நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பேனாவின் மூடி கீழே விழுந்தது. குனிந்தேன். அதற்குப் பிறகு நிமிரவில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கும் பதினாறு பேர் நடுவில், ஒரு பேனா மூடியைத் தூக்கப்போய் விழுந்தவன் என்ற பெயர் அன்று முதல் பஜாரில் எனக்கு நிலைத்தது.

முதுகெலும்பின் தட்டு ஒன்று நழுவி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். இரண்டு வாரம் பலகையில் படுக்கவைத்தார். வலி கொஞ்சம் குறைந்தது. அதுதான் கெட்ட செய்தியாம். வலது பாதம் மரத்துவிட்டது. கணுக்காலுக்குக் கீழே அது என் சொல்லைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. தூக்கினால் தொங்கியது, நடந்தால் இழுபட்டது. கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். முகமெல்லாம் தூக்கினேன், விரல் அசையவில்லை. சென்னையில் ஒரு சர்ஜனிடம் பேசி, வரும் சனிக்கிழமைக்கு அறுவை சிகிச்சை நிச்சயித்துக் கொடுத்தார். அந்தத் தேதியை விட்டால் ஆறு வாரம் ஆகும். ஆறு வாரம் நசுங்கிக் கிடந்தால் நரம்பு செத்துவிடும், பிறகு ஆயுளுக்கும் அந்தப் பாதம் இப்படித்தான். ரயில் கூடாது, ஓர் இரவுக் குலுக்கலை அது தாங்காது. விமானம்தான். விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் நாற்காலி வைத்துத் தூக்கி ஏற்றுவார்கள் என்று சொல்லி, தன் பங்குக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். கம்பெனிச் சேட்டு தாராளமாக டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். நான் இல்லாமல் ரசீதுகளில் வரிகள் விழ ஆரம்பித்திருந்தன.

என் மனைவி செண்பகம் படகேறி எறணாகுளம் போய், அந்த விண்ணப்பத்தை வாங்கி வந்தாள். இரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். பலகையில் குப்புறப் படுத்தபடி பூர்த்தி செய்தேன். முதல் கட்டம்: பயணியின் நிலை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. பேனா எழுதியது: 'வெளிப்பார்வைக்கு நல்ல நிலையிலும் ஒழுங்கிலும்.' அடுத்தது: படி ஏற முடியுமா? இங்கே விருதுநகர்க்காரன் குறுக்கிட்டு, 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று எழுதினான். உதவிக்கு எத்தனை பேர் தேவை? 'யாருக்கும் சிரமம் வேண்டாம்.' செண்பகத்துக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எழுதுகிற வேகத்தைப் பார்த்து, "படிச்சவுக எழுதுனா எழுத்தே ஒரு தனி அழகுதான்" என்று மெச்சிக்கொண்டாள். மறுநாள் மறுபடி படகேறிப் போய், டாக்டர் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை கம்பெனிக்கு டெலிபோன் வந்தது. விமானக் கம்பெனியிலிருந்து அன்னம்மா என்ற அம்மாள் பேசினாராம். டாக்டர் ஒன்று எழுதியிருக்கிறார், பயணி வேறொன்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகாமல் அவர்களுடைய வைத்தியர் அனுமதி தரமாட்டார். பயணியே பேசி மத்தியானத்துக்குள் தெளிவாக்காவிட்டால் வெள்ளிக்கிழமை இருக்கை ரத்தாகும். டெலிபோன் கிடங்கின் முன்னறையில். நான் கிடங்குக்கு மேலே, எங்கள் மாடிக் குடித்தனத்தில். நடுவில் பதினெட்டு மரப்படிகள். டச்சுக்காரர்கள் காலத்து ஏணிக்கு யாரோ படி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஹம்சாக்கா மேலே வந்தார். என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். புதிதாக வந்த மூட்டையை அப்படித்தான் பார்ப்பார்.

"கசேரயில் இருத்தி எடுக்காம். நாலாளு மதி," என்றார்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கலாம், நாலு ஆள் போதும் என்று அர்த்தம். செண்பகம் கதவை மறித்துக்கொண்டாள். "நாலு பேரா? என்ன அண்ணே பேசுறீக? உசுரோட இருக்கிற மனுசன நாலு பேரு தூக்குறதா? ஆகாது."

"அப்போ மூணாளோ?"

"மூணும் ஆகாது. அஞ்சு பேரு வரச் சொல்லுங்க."

"அம்மணி," என்றேன் நான், "ஒரு நாற்காலிக்கு நாலு கால்தான். அஞ்சாமத்தவன் எதப் பிடிப்பான்?"

"நீங்க சும்மா கெடங்க. பேனா மூடியத் தூக்கத் தெரியாதவுகளுக்கு இதுல என்ன பேச்சு?"

ஹம்சாக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் பள்ளிவாசலிலும் சவம் வைத்த சந்தூக்கை நாலு மூலையில் நாலு பேர்தான் எடுப்பார்கள். தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, "மனசிலாயி சேச்சி. அஞ்சாளு. அஞ்சாமன் காலு பிடிக்கும்," என்றார். அது வெறும் சமாதானமல்ல என்பது இரண்டாவது படியிலேயே தெரிந்தது. தொங்கும் பாதத்தை ஒருவர் ஏந்திப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு படிக்கும் அது இடுப்பைச் சுண்டி இழுத்தது. மூடநம்பிக்கையும் எலும்பு வைத்தியமும் ஒரே எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். முதுகைக் கீழ்ப்பக்கம் காட்டாமல், முகம் இறங்கும் திசையைப் பார்க்க, எப்படிப் பிடிப்பது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்றெல்லாம் ஹம்சாக்கா ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டே வந்தார். பஜாரில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். "எந்தா அண்ணாச்சி, நடுவொடிஞ்ஞோ?" என்று சாயாக்கடைக்காரர் தன் இடுப்பைத் தட்டிக்காட்டி உரக்கக் கேட்டார். "ஏய், ஒண்ணுமில்ல, சும்மா," என்று நாற்காலியிலிருந்து கை அசைத்தேன், தேர்தலில் ஜெயித்தவனைப் போல.

டெலிபோனைக் காதில் வைத்தார்கள்.

"சாரே," என்றார் அன்னம்மா. குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "டாக்டர் எழுதி, நடக்கான் பற்றில்லா. சார் எழுதி, நல்ல நிலை. ஞான் ஆரெ விஸ்வசிக்கணும்?"

நடக்க முடியாது என்ற டாக்டரையா, நல்ல நிலை என்ற என்னையா, யாரை நம்புவது? நியாயமான கேள்வி. என் பாதம் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அது நன்றாகத் தெரிந்திருந்தது. நெற்றியில் வேர்வை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இது: "அப்படியொண்ணும் பெரிசா இல்லம்மா. கொஞ்சம் பிடிப்பு. ஒரு கை கொடுத்தா நானே ஏறிருவேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அப்போ கசேரா வேண்டா?"

"கெடச்சா நல்லது. இல்லாட்டியும்..."

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். ஹம்சாக்கா என் கையிலிருந்து டெலிபோனைப் பிடுங்கினார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என் மேசைப் பொருளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பத்து நிமிடம் மலையாளத்தில் என்னைப் பற்றி நான் கேட்டது, என் வாழ்நாளில் நான் கேட்ட மிகத் துல்லியமான வர்ணனை. வலது காலில் கணுக்காலுக்குக் கீழே ஜீவனில்லை. உட்கார்ந்தால் கால் மணி நேரம் தாங்குவார், பிறகு முகம் வெளுக்கும். வெளுத்தாலும் சொல்லமாட்டார், ஆளுக்குச் சொல்கிற பழக்கம் இல்லை, ஆகையால் அவரிடம் கேட்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். அறுபத்தெட்டுக் கிலோ இருப்பார். (அறுபத்தேழு. தூக்கிப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு கிலோ பிசகு.) படியில் ஏற்றும்போது முதுகை முதலில் கொண்டுபோக வேண்டும், முகம் கீழே பார்க்க வேண்டும். பின்பக்கம் இரண்டு குட்டை ஆட்கள், முன்பக்கம் இரண்டு உயரமான ஆட்கள். கால் தொங்கவே கூடாது. இத்தனை நாளும் மூட்டைமேல் அச்சடித்த எழுத்தைத்தான் நான் பார்த்தேன். ஹம்சாக்கா மூட்டையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக எந்த ஒரு வரி விழாமல் காத்துவந்தேனோ, அந்த வரியை என் மேலேயே பத்துப் பதினைந்தாக அவர் எழுதவைத்தார். மறுமுனையில் அன்னம்மா எழுதும் சத்தம் எனக்குக் கேட்டதாகவே தோன்றியது.

"அஞ்சாளோ? கசேரக்கு நாலு காலல்லே?" அந்தக் கேள்வி மட்டும் டெலிபோனைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஹம்சாக்கா குரலைத் தாழ்த்தினார். "நாலாளு எடுத்தால் அவருடெ பார்யக்குப் பேடி." நாலு பேர் எடுத்தால் மனைவிக்குப் பயமாம்.

பிறகு அன்னம்மா சொன்னதை ஹம்சாக்கா எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்: "என் அம்மச்சியும் இதுதான் சொல்லியிருப்பாள். அஞ்சு என்றே போடுகிறேன்." சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு வேனில் என்னைப் படுக்கவைத்துத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். விமான நிலையம் கடற்படையின் இடம். அதற்குள் சுமை தூக்க வேறு யூனியன். மட்டாஞ்சேரி ஆட்கள் அங்கே ஒரு சூட்கேஸைக்கூடத் தொட முடியாது, அந்த ஆட்கள் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகைத் தொட முடியாததைப் போல. கேட்டில் இரண்டு கோஷ்டியும் சந்தித்தபோது, என்னை நடுவில் வைத்துச் சண்டை மூளும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. ஹம்சாக்கா தன் ஆட்களைக் கொண்டு என்னை ஒரு தடவை தூக்கிக் காட்டினார், இறக்கினார். அவர்களைத் தூக்கச் சொன்னார். "அங்ஙனெயல்ல," என்று ஒருவன் கையை நகர்த்திவைத்தார். மறுபடி தூக்கச் சொன்னார். திருப்தியான பிறகுதான், "இனி நிங்ஙளுடெ," என்றார். இனி உங்களுடையது. என் தோளைத் தட்டவில்லை, போய் வா என்று சொல்லவில்லை. கைமாறிய சுமையிடம் அவர்கள் பேசுவதில்லை.

விமானத்தின் படிக்கட்டருகே போனதும் செண்பகம் எண்ணினாள். நாலு பேர். ஐந்தாவது ஆளை யாரோ பெட்டி இறக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் முதல் படியில் ஏறி, முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் காலியான விமானம். எனக்குப் பின்னால், டிபன் கேரியர்களும் பெட்டிகளுமாக வரிசையில் அறுபது பயணிகள்.

"மாடம், நேரமாகிறது," என்றான் மேலேயிருந்து இறங்கி வந்த விமானப் பணியாளன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, இருபத்தைந்து வயது இருக்கும்.

"ஆகட்டும். அஞ்சு பேருன்னு எழுதியிருக்குல்ல? படிச்சுப் பாருங்க."

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். எழுதித்தான் இருந்தது. ஏன் என்று அதில் இல்லை. வரிசையில் ஒரு நம்பூதிரிப் பெரியவர் காரணத்தை ஊகித்துவிட்டார் போலிருக்கிறது. "ஸரியா, ஸரியா," என்று தலையாட்டினார். கேப்டன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். விமானம் நின்றால் என் சனிக்கிழமையும் நின்றது. "செண்பகம், விடு, ஒண்ணும் ஆகாது," என்றேன் நான், வழக்கம்போல.

அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான். தாளில் அப்படித்தானே எழுதியிருந்தது. குனிந்து, தேநீர்த் தட்டை ஏந்துவதைப் போல இரண்டு வெள்ளைக் கையுறைகளிலும் என் வலது பாதத்தை ஏந்திக்கொண்டான். செண்பகம் வழிவிட்டாள்.

நான் வானத்தில் ஏறியது பின்பக்கமாக. பார்த்துக்கொண்டு போனது கொச்சியை.

சென்னையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பகுதி நேரம் எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை வெட்டினார்கள், தைத்தார்கள். நழுவிய தட்டு சுண்டைக்காய் அளவுகூட இல்லையாம். மூன்றாம் நாள் காலை சர்ஜன் தன் மாணவர்கள் ஐந்து பேர் சூழ வந்தார். தஞ்சாவூர்க்காரர், அழுத்தம் திருத்தமான தமிழ். பன்னிரண்டு வருடமாக என்னைத் தமிழன், தமிழன் என்றே கூப்பிடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தமிழ் காதில் இளநீராக இறங்கியது. போர்வையை விலக்கினார். "வலது காலின் கட்டைவிரலை மேலே தூக்குங்கள், பார்ப்போம்."

தூக்கினேன். புருவம் போயிற்று, தோள் போயிற்று. விரல் இருந்த இடத்தில் இருந்தது.

"இன்னும் ஒரு தடவை."

ஒன்றுமில்லை. மாணவன் ஒருவன் ஏதோ குறித்துக்கொண்டான். செண்பகம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சர்ஜன் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் மறந்திருக்கவில்லை.

கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். பாலா என்ற ஊர்க்காரி, அந்த ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகள் கேரளத்துப் பெண்கள். கட்டிலில் தொங்கிய சீட்டில் கொச்சி என்று பார்த்தாள், அவ்வளவுதான். பஞ்சை நனைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சாயாக்கடையில் யாரோ சர்க்கரைப் பாத்திரத்தை நகர்த்தச் சொல்வதைப் போல, சர்ஜன் கேட்டதையே மலையாளத்தில் கேட்டாள்: "சேட்டா, ஆ தள்ளவிரல் ஒந்நு பொக்கிக்கே."

விரல் எழுந்தது.

அதிகமில்லை, ஒரு நெல்லின் உயரம். விழுந்தது. மறுபடி எழுந்தது. நர்ஸ் பஞ்சைப் போட்டுவிட்டு, "சாரே!" என்று கத்திக்கொண்டு சர்ஜனுக்குப் பின்னால் ஓடினாள். சர்ஜன் திரும்பி வந்து, நரம்பு விழிக்க நேரம் எடுக்கும், முதல் முயற்சியின் களைப்பு தீர்ந்திருக்கும், மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மாணவர்களுக்கு விளக்கினார். ஐவரும் எழுதிக்கொண்டார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன்.

செண்பகம் நம்பவில்லை. எல்லோரும் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். குனிந்து, என்னிடமல்ல, நேராக அந்தப் பாதத்திடம் பேசினாள்.

"ஏம்ப்பா, விருதுநகர்ல பொறந்த கால்தான நீயி? எங்க, எனக்காக ஒரு தடவ தூக்கு."

நான் என்னால் ஆனதைச் செய்தேன். இருவரும் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொஞ்ச நேரம் யோசித்தது.